ஒரே ரூம் வீடு, மனசு தினமும் கனமாக இருக்கிறது: உங்களுக்கு எந்தப் பழக்கம் கைகொடுத்தது?

தண்டையார்பேட்டை_தையல் | மே 4, காலை 11:20

வணக்கம். எனக்கு 37 வயது. தண்டையார்பேட்டையில் ஒரு ரூம், ஒரு சின்ன சமையலறை, அவ்வளவுதான் எங்கள் வீடு. வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் வெளியில்தான். மாமியார், இரண்டு பிள்ளைகள், நான். ஜாக்கெட் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுப்பேன்.

புதிதாகப் பெரிய கஷ்டம் எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் பொங்கல் முடிந்ததிலிருந்து மனசு சரியில்லை. காலையில் கண் விழித்ததும் 'ஐயோ, விடிஞ்சிடுச்சா' என்றுதான் இருக்கிறது. மெஷினில் உட்கார்ந்தால் கை ஓடுகிறது, மனசு எங்கேயோ கிடக்கிறது. பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால்கூட எரிச்சல் வருகிறது. அப்புறம் ராத்திரி, அவர்கள் தூங்கும்போது முகத்தைப் பார்த்து அழுகை வருகிறது.

போனில் தேடினால் தனியறையில் கண்ணை மூடி உட்காருங்கள், தோட்டத்தில் நடங்கள் என்கிறார்கள். தனியறைக்கு நான் எங்கே போவேன்? மாடியை ஹவுஸ் ஓனர் பூட்டி வைத்திருக்கிறார். மெயின் ரோட்டுக்குப் போனால் லாரியும் புழுதியும்.

எங்களை மாதிரி வீட்டில், நம்ம ஏரியாவில், காசு செலவில்லாமல் தினமும் செய்து உங்களுக்கு உண்மையிலேயே மனசு லேசானது எது? படித்ததைவிட, நீங்களே செய்து பார்த்ததைச் சொன்னால் நல்லது.

ராயபுரம்_பெரியவர் | மே 4, பகல் 12:45

அம்மா, எனக்கு 66 வயது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படுமா பாருங்கள்.

வேலையில் இருந்தவரை சங்கு ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும் என்று உடம்பு தானாக எழுந்துகொள்ளும். ஓய்வு பெற்ற மறுவாரமே எனக்கு நாள் என்பது கலைந்துபோனது. எட்டு மணிக்கு எழுந்திருப்பேன், டி.வி. முன் படுத்திருப்பேன், சாப்பிடுவேன், மறுபடி படுப்பேன். ஆறு மாதத்தில் எதிலும் ஆசை இல்லாமல் போய்விட்டது. பேரன் வந்து கையைப் பிடித்து இழுத்தால் 'அப்புறம் வரேன்டா' என்பேன். அந்த 'அப்புறம்' வரவே வராது.

என் மனைவி ஒரு நாள், இனிமேல் பால்காரரிடம் பாக்கெட் வாங்கப் போவதில்லை, நீங்கள்தான் தினமும் ஐந்தரைக்கு பால் பூத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் வீட்டில் காபி கிடையாது என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம். ஆனால் போனேன். பூத்தில் இன்னும் நாலு பேர் நிற்பார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஒருவர், வாங்க சார், ராபின்சன் பார்க்கில் ஒரு ரவுண்டு போகலாம் என்றார். 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த அதே பார்க்தான். என் அப்பா அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே நின்று கேட்டவர், சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை நடந்துகொண்டே அவர்களுக்குச் சொன்னேன். அன்றைக்குத்தான், ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக, அரை மணி நேரம் விடாமல் பேசினேன்.

மனசு சரியானதும் நடப்போம் என்று ஆறு மாதம் காத்திருந்தேன், அது சரியாகவே இல்லை. மனசு கெட்டுக் கிடந்தபோதே கால் நடந்தது. மனசு மெதுவாகப் பின்னால் வந்தது. உங்களுக்கு பார்க் வேண்டாம், பால் பூத் போதும். ஒரே நேரம், தினமும், உங்களை எதிர்பார்க்கிற ஒரு ஆள்.

பெரம்பூர்_மலர் | மே 4, பகல் 1:10

காலையில் எழுந்ததும் போனைத் தொடுவதில்லை. முகம் கழுவி, வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகுதான் தொடுவேன். மூன்று புள்ளிக் கோலமானாலும் சரி. எனக்கு இது ஒன்றுதான் தெரியும், இது போதுமாகவும் இருக்கிறது.

வார்டு_சிஸ்டர் | மே 4, இரவு 9:30

அக்கா, நான் அரசு மருத்துவமனையில் நர்ஸ். பழக்கங்கள் பற்றி எல்லோரும் சொல்லட்டும், அதற்கு முன்னால் சில கேள்விகள்.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும் இருக்கிறதா? பொங்கலிலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் மூன்றரை மாதம். தூக்கம் எப்படி? பசி? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா? முடி கொட்டுவது, உடம்பு குளிர்ந்த மாதிரி இருப்பது, எடை கூடுவது, இதில் ஏதாவது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு சுரப்பு குறைவது, பி12 குறைவது, இவை மூன்றுமே 'மனசு சரியில்லை' என்ற வேஷத்தில் வரலாம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. நம்ம பக்கத்துப் பெண்கள் பலர் 8-இல், 9-இல் வேலை செய்துகொண்டு, தன்னைச் சோம்பேறி என்று தானே திட்டிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு கோலம் போட்டாலும் அது ஏறாது, இரும்புச்சத்து மாத்திரைதான் வேண்டும். பக்கத்திலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், காசு கிடையாது.

வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், அதை மறைக்க வேண்டாம். 14416 என்பது டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரையே நாம் ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. அங்கே போய் மருந்து சாப்பிட்டு, குடும்பம் நடத்தி, வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அதைத் திட்டாக்கியதால்தான் நம் ஆட்கள் கடைசி நிமிஷம்வரை மருத்துவரிடம் வருவதில்லை.

தண்டையார்பேட்டை_தையல் | மே 5, காலை 6:50

சிஸ்டர், நீங்கள் கேட்டதில் பாதிக்கு மேல் ஆமாம். மூச்சு வாங்குகிறது. ரத்தப்போக்கும் அதிகம், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. எங்காவது போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்றுதான் தோன்றுகிறது. இந்த வாரம் போய்ப் பரிசோதனை செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஐயா, நீங்கள் சொன்ன 'அப்புறம் வரேன்டா' என்னைக் கலக்கிவிட்டது. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை_குமரன் | மே 5, இரவு 10:15

எல்லோரும் நல்ல மனசோடுதான் எழுதுகிறீர்கள். இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மே மாதம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பாருங்கள். ஃபேன் அடிப்பது அனல் காற்று. வாரக் கடன்காரர் செவ்வாய்க்கிழமை வந்து நிற்பார். மழை வந்தால் ரயில்வே கேட் பக்கம் முழங்கால் தண்ணீர். காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பைப் புகை. இப்படி இருக்கிறவனிடம் 'நடந்தால் மூட் நன்றாகிவிடும்' என்றால், அவன் மனசு கெட்டதற்கு அவனே காரணம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது. வருமானமும் வீடும் சரியாகாமல் பழக்கத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது? நானும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் நடந்தேன், செவ்வாய்க்கிழமை வந்தது, நின்றுவிட்டது.

காசிமேடு_கரை | மே 6, காலை 5:40

குமரன் அண்ணா, நீங்கள் சொல்வது பொய் இல்லை. என் பதில் கொஞ்சம் நீளும்.

எங்கள் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக விடுவது, அது தேவைதான். ஆனால் அந்த 61 நாளும் எங்கள் தெரு ஆண்கள் எப்படி இருப்பார்கள் என்று நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அரசு கொடுக்கிற நிவாரணம் போதாது, கடன் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஏறும். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி உடைவதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டோடு உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நாளில் அவர்கள் முகம் மாறிவிடும். பகலில் தூக்கம், ராத்திரியில் விழிப்பு, பொண்டாட்டியோடு சண்டை, குடி. அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கடலுக்குப் போகிற நாள் மாதிரியே விடியற்காலையில் எழுந்து துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். வலை பிரிப்பார்கள், கிழிந்த கண்ணியைப் பின்னுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். அதில் அன்றைக்குக் கூலி பெரிதாக வராது. பத்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மதியத்துக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் தூக்கம் வரும்.

என் அப்பா இரண்டாகவும் இருந்தவர். ஒரு வருஷம் முழங்கால் வலி என்று துறைமுகம் போகவில்லை. தடைக்காலம் முடிந்து படகு கிளம்பியபோது 'நான் வரலை' என்றுவிட்டார். கடலைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார், நாற்பது வருஷம் கடலில் இருந்த மனுஷர். அடுத்த வருஷம் அம்மா அவரை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோய் வலைக்காரர்கள் நடுவில் உட்கார வைத்துவிட்டு வருவாள். கால்தானே வலிக்கிறது, கை நன்றாகத்தானே இருக்கிறது என்பாள். அந்த வருஷம் அவர் உடையவில்லை. கடன் அதே கடன்தான் அண்ணா. ஆனால் வட்டிக்காரரிடம் உட்கார்ந்து பேசித் தவணையை மாற்ற அவருக்குத் தெம்பு இருந்தது. முந்தைய வருஷம் அவர் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார், அம்மாதான் பேசுவாள்.

பழக்கம் வாடகையைக் குறைக்காது. வாடகைக்காகச் சண்டை போட எழுந்து நிற்கிற உடம்பைத் தருகிறது. அவ்வளவுதான் நான் பார்த்தது.

மணலி_நைட்ஷிப்ட் | மே 6, மாலை 4:30

இப்போதுதான் எழுந்தேன். காலை வெயில் மனசுக்கு நல்லது என்று வெளியில் எல்லோரும் சொல்வதால் என்னை மாதிரி நைட் ஷிப்ட் ஆட்களுக்காக ஒன்று.

நான் அதை அப்படியே நம்பி, ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணி வெயிலில் அரை மணி நேரம் நடந்து வீட்டுக்குப் போனேன். தூக்கமே போய்விட்டது, இன்னும் மோசமானேன். கம்பெனி டாக்டர்தான் விளக்கினார். கண்ணுக்குள் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சம் எவ்வளவு என்று அளக்கிற தனி செல்களும் இருக்கின்றனவாம். அவை மூளையிலுள்ள கடிகாரத்துக்கு 'பகல் வந்துவிட்டது' என்று சொல்லும், உடனே தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது நின்றுவிடும். பகல் வேலைக்காரருக்கு அது நல்லது, தூங்கப் போகிற எனக்குக் கெடுதல்.

இப்போது ஷிப்ட் முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன். பஸ் என்றால் தூங்கலாம், பைக் என்றால் கண்ணாடியும் தூக்கக் கலக்கமும் ஆபத்து, வேண்டாம். வீட்டில் ஜன்னலுக்குப் பழைய ஜமுக்காளம் கட்டியிருக்கிறேன். மூன்றரைக்கு எழுந்ததும் வெளியே வந்து வெயிலில் டீ. எனக்குக் காலை என்பது அதுதான். அதிகாலை மூன்று மணி டீயை நிறுத்தினேன். டீயில் இருக்கிற காஃபின் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்று அவர் சொன்னார். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், காற்றில் கெமிக்கல் வாசனை வருகிற நாளில் நடக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே கையைக் காலை நீட்டி மடக்குங்கள், போதும்.

வியாசை_தம்பி | மே 7, இரவு 8:05

அக்கா, படித்ததைச் சொல்ல வேண்டாம் என்றீர்கள். நான் உளவியல் படிக்கிற மாணவன், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியவரும் காசிமேட்டு அக்காவும் சொன்னது ஒரு சிகிச்சை முறையாகவே இருக்கிறது. 1970-களில் லெவின்சோன் என்ற உளவியலாளர், சோர்வில் இருப்பவர் வேலைகளை விட்டு விலக விலக, நல்லது எதுவும் கண்ணில் படும் வாய்ப்பே குறைகிறது, அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது என்று விளக்கினார். 1996-ல் ஜேக்கப்சன் என்பவரும் அவருடைய குழுவும் செய்த ஆய்வில், எண்ணங்களை மாற்றப் பயிற்சி தராமல், செயல்களை மட்டும் திட்டமிட்டுச் செய்ய வைத்தாலே முழுச் சிகிச்சைக்கு இணையான பலன் கிடைத்தது. தோன்றும்போது செய்வது என்று விடாமல், மணி குறித்துவிட்டுச் செய்வதுதான் அதன் அடிப்படை.

இன்னொன்று, 2014-ல் வந்த ஆய்வு. சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் வரச் சொன்னார்கள். பேசுவது தொல்லையாக இருக்கும் என்றுதான் மக்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. இதைப் படித்துவிட்டு விம்கோ நகர் மெட்ரோவில் ஒரு தாத்தாவிடம் பேசினேன். தேரடியிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை வடிவுடையம்மன் கோயில் தேரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கு முழுக்க நன்றாக இருந்தேன்.

என் சொந்தப் பழக்கம் கேரம். தினமும் ஏழு மணிக்கு எங்கள் தெரு கிளப்பில் ஒரு போர்டு. வெள்ளையும் கறுப்பும் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடாத நாற்பது நிமிஷம் அது. புது வண்ணாரப்பேட்டை கேரம் வீராங்கனை காசிமா 2024-ல் அமெரிக்கா போய் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு எங்கள் கிளப்பில் பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள் அக்கா, உங்களுக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

தண்டையார்பேட்டை_தையல் | மே 28, மாலை 5:15

எழுதுகிறேன் என்று சொன்னேன், தாமதமாகிவிட்டது.

ஹீமோகுளோபின் 8.6. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு எப்படிம்மா மெஷின் மிதிக்கிறாய் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் நான் கெட்டவள், சுரணை இல்லாதவள் என்று நினைத்திருந்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், டீயோடு போடக் கூடாது, எலுமிச்சை ஜூஸோடு நல்லது என்றார்கள். ரத்தப்போக்குக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், அடுத்த வாரம். தைராய்டு சரியாக இருக்கிறது.

மாத்திரை ஏற இன்னும் நாளாகும். ஆனால் மனசு அதற்கு முன்னாலேயே கொஞ்சம் அசைந்திருக்கிறது. இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, மெஷினை வாசலுக்கு இழுத்துவிட்டேன். இத்தனை வருஷமாக உள்ளே, பீரோ பக்கத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில்தான் தைத்தேன். இப்போது காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை வாசல் நிலைப்படி பக்கத்தில். வெளிச்சம் நேராகத் துணி மேல் விழுகிறது. ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். முதல் நாலு நாள் எரிச்சலாக இருந்தது. ஐந்தாவது நாள் எதிர்வீட்டுப் பாட்டி வரவில்லை, ஏன் வரவில்லை என்று தேடினேன். தேடியபோதுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டாவது, அடி பம்பு. விடியற்காலையில் தண்ணீர் வரும்போது மாமியார்தான் போவார். இப்போது நான் போகிறேன். குடம் தூக்க மூச்சு வாங்குகிறது, அதனால் அரைக் குடம்தான். அங்கே ஆறு பெண்கள் இருக்கிறோம். ஒருவர் பெண்ணுக்கு ஜூனில் வளைகாப்பு, பத்து ஜாக்கெட் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சில நாள் முடியவில்லை. போன வியாழக்கிழமை முழுக்கப் படுத்துதான் கிடந்தேன். பிள்ளைகள் மேல் கத்தினேன். வெள்ளிக்கிழமை மறுபடி மெஷினை இழுத்தேன். குமரன் அண்ணா, நீங்கள் எழுதியது எனக்குத் தப்பாகப் படவில்லை. எங்கள் வீடும் ஆஸ்பெஸ்டாஸ்தான். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை, ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறேன்.

வார்டு_சிஸ்டர் | மே 28, இரவு 10:40

அக்கா, ரொம்ப சந்தோஷம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள், உடம்பில் இருப்பு சேர வேண்டும். ஸ்கேன் தேதியைத் தவறவிட வேண்டாம். எல்லாம் சரியான பிறகும் மனசு இப்படியே இருந்தால் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும், நானே கூட வருகிறேன்.

கொருக்குப்பேட்டை_குமரன் | மே 30, காலை 7:20

காசிமேட்டுத் தங்கச்சி எழுதியதை மூன்று தடவை படித்தேன். கோபப்பட்டு எழுதியதற்கு யாரும் என்னைத் திருப்பித் திட்டவில்லை, அதற்கு நன்றி.

செவ்வாய்க்கிழமைதான் என்னை உடைக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதனால் திங்கள் ராத்திரியே பக்கத்து வீட்டு நண்பரிடம், நாளைக்குக் காலையில் நீ வந்து கூப்பிடு, நான் வரமாட்டேன் என்றாலும் விடாதே என்று சொல்லிவைத்தேன். வந்தார். இரண்டு பேரும் ரயில்வே லைன் ஓரமாகவே போய் டீக்கடைவரை நடந்து வந்தோம். கடன்காரர் பத்து மணிக்கு வந்தார், பணம் முழுதாக இல்லை, பேசினேன். அடுத்த வாரமும் நண்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெரியவரே, ராபின்சன் பார்க்கில் நீங்கள் எத்தனை மணிக்கு நடக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு.

ராயபுரம்_பெரியவர் | மே 30, காலை 8:00

ஐந்தே முக்காலுக்கு, பார்க் கேட்டில். வெள்ளைச் சட்டை, கையில் பால் பை. நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.